கொதிக்கும் கலவையும் அதன் ஆவியும்

தூய நீர் கொதிக்கத் தொடங்கியபின் கடைசித் துளி ஆவியாகும் வரை அதன் உஷ்ணநிலை மாறுவதில்லை. இரு திரவங்கள் கலந்த கலவையின் இயல்பு பெரும்பாலும் வேறு. அது கொதிக்கக் கொதிக்க உஷ்ணநிலை உயர்கிறது. திரவத்தின் சேர்க்கையும் ஆவியின் சேர்க்கையும் தொடர்ந்து மாறுகின்றன. இதனை அறியாமல் வாலையைக் கையாளுவது பொருளுக்கும் உயிருக்கும் கேடு விளைவிக்கக்கூடும்.

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி 1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் சிறு தொழிற்கூடங்கள் மிகப் பல. பெயின்ட் அடிக்கும் கூடங்களில் தெளிப்பான்களைக் கழுவத் தின்னர் தேவைப்படுகிறது. அழுக்கேறிய தின்னரை வாலையிலிட்டுக் காய்ச்சி வடித்தால் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் தின்னர் பெரும்பாலும் ஒரே திரவமன்று. 56 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் அசிட்டோனும், 111 டிகிரியில் கொதிக்கும் டொலுவீனும் அதில் சேர்ந்திருக்கலாம்.

அசிட்டோன் முழுவதும் முதலில் வெளியேறும், பிறகே டொலுவீன் வரும் என்று எண்ணுவது பிழை. இரண்டின் மூலக்கூறுகளும் எப்பொழுதும் ஆவியாகின்றன. அவற்றின் ஆவி அழுத்தங்களின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்திற்குச் சமமாகும்பொழுது கலவை கொதிக்கிறது.

வகுப்பில் விளக்குவதற்கு ஒரு கணக்கு ஏற்றது. பென்சீன் மூலக்கூறுகளும் டொலுவீன் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் உள்ள கலவையை எடுத்துக்கொள்வோம். 92 டிகிரியில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 1,085 மில்லிமீட்டர், டொலுவீனுடையது 435. கலவையில் ஒவ்வொன்றும் பாதியே ஆகையால், அவை தரும் அழுத்தங்கள் முறையே சுமார் 542, 218, கூட்டினால் 760. எனவே கலவை அங்கே கொதிக்கிறது. ஆவியில் பென்சீனின் பங்கு 542-ஐ 760-ஆல் வகுத்தால் கிடைக்கும். அது 71 சதவிகிதம். திரவத்தில் பாதியாக இருந்தது ஆவியில் முக்கால் பங்கை நெருங்கிவிட்டது. பென்சீன் புற்றுநோய் விளைவிப்பதாதலால், இது கணக்காக மட்டுமே நிற்கவேண்டும். சோதனையாகச் செய்தல் கூடாது.

எளிதில் ஆவியாவது மிகுதியாக வெளியேறுவதால், வாலையில் எஞ்சும் திரவத்தில் மற்றது பெருகுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது. பீன்யாவின் வாலையில் முதலில் வடிவது அசிட்டோன் மிகுந்தது; பின்னர் வடிவது டொலுவீன் மிகுந்தது. வடித்தலைப் பாதியில் நிறுத்தினால் கிடைப்பது பழைய தின்னரன்று. அதனைக் கலந்த பெயின்ட் மிக விரைவில் உலர்ந்து பூச்சு கெடக்கூடும்.

உஷ்ணமானியைப் படிக்கும்பொழுது இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே நீரே ஏறத்தாழ 97 டிகிரியில் கொதிக்கிறது. நூல்களிலுள்ள கொதிநிலைகளை அப்படியே கொள்ளலாகாது. மேலும், மாறாத கொதிநிலை தூய்மைக்குச் சான்றாகாது. எடையில் 95.6 சதவிகிதம் எதில் ஆல்கஹாலும் எஞ்சியது நீருமான கலவை, கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 78.2 டிகிரியில் சேர்க்கை மாறாமலே கொதிக்கிறது.

அசிட்டோன், டொலுவீன் ஆகியவற்றின் ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. தரையில் படர்ந்து தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டும். ஆகவே குளிர்விக்கும் நீர் தடைப்பட்டால் உடனே சூட்டை நிறுத்தவேண்டும். திறந்த சுடர் அருகில் இருத்தலாகாது. பயன்படுத்திய கரைப்பானும் வாலையின் அடிக்கசடும் 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவுகள். அவற்றைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றமாகும்.