அதே படகுதானா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தகடு மாற்றி, பாய்மரம் மாற்றி, சுக்கான் மாற்றி, முன்பு இல்லாத எஞ்சினையும் உள்ளே வைத்த பிறகு ‘எண்டவர்’ எப்படி அதே படகாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பாற்றியதுதான் காப்பாற்றினார்கள், அருங்காட்சியகத்தில் நிறுத்தாமல் ஏன் மறுபடி பந்தயத்துக்கு இழுத்துப்போனார்கள் என்பது அடுத்த கேள்வி. கடைசி வரியில் ஒரு குத்தலும் இருந்தது: பணக்காரர் விளையாட்டில் நமக்கென்ன? அதற்கும் வருகிறேன்.

எண்டவர் 1934இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் கட்டப்பட்ட பந்தயப் பாய்மரப் படகு. வடிவமைத்தவர் சார்லஸ் நிக்கல்சன். கட்டச் சொன்னவர் முதல் உலகப் போரின் சண்டை விமானங்களால் பெயர் பெற்ற தாமஸ் சாப்வித். படகு என்று சொல்வதற்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 130 அடி, உடல் முழுக்க எஃகு. ‘ஜே வகுப்பு’ எனப்படும் இந்த வகையில் 1930 முதல் 1937 வரை பத்துப் படகுகள்தான் கட்டப்பட்டன. பெரும்பாலும் ‘அமெரிக்கக் கோப்பை’ என்ற பாய்மரப் படகுப் பந்தயத்துக்காகவே பிறந்தவை. கோப்பையை விட்டால் பெரிதாக வேறு பிழைப்பு கிடையாது.

கோப்பைக்குப் புறப்படும் நேரத்தில் எண்டவரின் மாலுமிகள் கூலி உயர்த்திக் கேட்டார்கள். சாப்வித் மறுத்தார். பலர் இறங்கிப் போனார்கள். அந்த இடங்களை ஆர்வலர்களை வைத்து நிரப்பிக்கொண்டு அவர் அமெரிக்கா போனார். முதல் இரண்டு போட்டிகளில் எண்டவர் வென்றது. மூன்றாவதில், திரும்பும் மிதவையைத் தாண்டும்போது ஆறு நிமிடத்துக்கும் மேல் முன்னணி. எதிரணி ‘ரெயின்போ’வின் தலைவர் ஹரால்ட் வாண்டர்பில்ட் மனம் விட்டுப்போய் சுக்கானை ஷெர்மன் ஹாய்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். எதிரி எங்கே போனாலும் அவன் முன்னே போய் மறிப்பது சாப்வித்தின் பழக்கம் என்பது ஹாய்ட்டுக்குத் தெரியும். படகை வேண்டுமென்றே ஒரு பக்கம் ஏற்றிப் பிடித்தார். சாப்வித் மறிக்க வந்தார், காற்றில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டார். ரெயின்போ கடந்துபோய் ஜெயித்தது. அதன் பிறகு எண்டவர் ஒன்றிலும் வெல்லவில்லை. 4-2 என்று தொடர் முடிந்தது. ஓட்டத்தில் எண்டவரே வேகமான படகு என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். பழகிய கைகள் இறங்கிப்போனதும் ஆடுகளத்தில் ஏமாந்ததும்தான் தோற்கடித்தன என்பது என் எண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேண்டும்.

அமெரிக்காவின் ஆறு ஜே படகுகளும் 1941க்குள் உலோகத்துக்காக உடைக்கப்பட்டுவிட்டன. எண்டவரையும் 1947இல் உடைக்க விற்றார்கள். சில மணி நேரம் இருக்கும்போது இன்னொருவர் வாங்கிக்கொண்டதால் தப்பியது. எழுபதுகளில் இங்கிலாந்தின் கவ்ஸ் ஊரில் மெடினா ஆற்றில் மூழ்கிக் கிடந்தது. தச்சர்கள் இருவர் அதைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கி, ஓட்டைகளை பிளாஸ்டிக் பைகளால் அடைத்து மிதக்கவிட்டார்கள். கோப்பைப் போட்டியாளர் வரிசையில் நின்ற படகின் விலை பத்துப் பவுண்டு!

1984இல் எலிசபெத் மேயர் என்ற அமெரிக்கப் பெண் அதை வாங்கியபோது அது கால்ஷாட்டில், கைவிடப்பட்ட கடல்விமானத் தளம் ஒன்றில், துருவேறி நின்றது. சுக்கான் இல்லை, அடிப்பாரம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தது ஓடு மட்டும். நகர்த்தினால் உடைந்துவிடும் நிலை. அதனால் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், பட்டறையைப் படகுக்குக் கொண்டுவந்தார். கிடந்த இடத்திலேயே அதைச் சுற்றிக் கொட்டகை போட்டு வேலை நடந்தது. உடல் மிதக்கத் தகுதியான பிறகு கடல் வழியாக ஹாலந்துக்கு இழுத்துப்போய், ராயல் ஹாய்ஸ்மன் பட்டறையில் பாய்மரம், கயிற்று வேலை, எஞ்சின், அறைகள் எல்லாம் செய்தார்கள். பழைய பாய்மரம் எஃகு, புதியது அலுமினியம், உயரம் சுமார் 165 அடி.

இங்கேதான் உங்கள் சந்தேகம் நியாயமாகிறது. 1934இல் எண்டவர் பந்தயக் கருவி. இன்று அதன் உள்ளே செர்ரி மரப் பலகை அடித்த அறைகள் இருக்கின்றன, டீசல் எஞ்சின் இருக்கிறது. எனக்கு அந்த அறைகள் பிடிக்கவில்லை. ஆனால் அறைகள் இருந்ததால்தான் படகை வாடகைக்கு விட முடிந்தது. வாடகை வந்ததால்தான் பராமரிப்புச் செலவில் ஒரு பங்காவது கிடைத்தது. இதுபோன்ற படகுக்கு ஒவ்வொரு ஆண்டும் வேலை இருந்துகொண்டே இருக்கும். பாய்கள் தேயும், கயிறு தேயும், உப்புக் காற்று எஃகை விடாது. அதற்கு வழி காணாமல் மீட்டிருந்தால் இருபது ஆண்டுகளில் இன்னொரு கால்ஷாட்தான்.

அப்படியானால் எது அதே படகு? என் பதில்: நிக்கல்சன் வரைந்த வளைவு. பந்தயப் படகில் படைப்பு என்பது உடலின் வடிவம்; தண்ணீரை அது எப்படிப் பிளக்கிறது, சாய்ந்தால் எவ்வளவு நீளம் தண்ணீரில் படுகிறது என்பதுதான். மேயர் அந்தப் பழைய உடலை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருக்கலாம். செய்யவில்லை. அரித்ததை வெட்டினார், வடிவத்தை விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே அதே படகு என்பேன்.

மாற்று வழியும் ஒன்று இருந்தது. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் ‘பிரிட்டானியா’ 1893இல் கட்டப்பட்டுப் பல நூறு பந்தயம் ஓடிய படகு. அவர் இறந்த 1936இலேயே, அவர் விருப்பப்படி, வைட் தீவுக்கு அருகே கடலில் அதை மூழ்கடித்தார்கள். மரியாதையான முடிவு என்கிறார்கள். எனக்கு வீணடிப்பாகப் படுகிறது.

பந்தயம் ஏன் என்ற கேள்வி. மீட்பு வேலையில் மேயருக்குத் துணை நின்றவர்களில் ஃபிராங்க் மர்டாக் ஒருவர். 1934இல் சாப்வித்தோடு இந்தப் படகில் போன பொறியாளர். எந்தக் கயிறு எங்கே இழுபட்டது, எது எவ்வளவு பாரம் தாங்கியது என்பதில் பாதி வரைபடத்தில் இல்லை, அவர் தலையில்தான் இருந்தது. ஐம்பது ஆண்டு யாரும் ஓட்டாவிட்டால் அறிவு இப்படித்தான் ஒரு கிழவரிடம் வந்து நிற்கும். படகை மண்டபத்தில் நிறுத்தினால் எஃகு இருக்கும், கை போய்விடும். முப்பது பேர் ஒரே மூச்சில் பாயை இழுத்து, இறக்கி, மறுபடி ஏற்றும் பழக்கம், பக்கத்தில் இன்னொரு படகு துரத்தும்போதுதான் கூர்மையாகும். சும்மா உலாப் போவதில் அது வராது. 1934இல் படகு இருந்தது, பழகிய கைகள் இல்லை. என்ன ஆயிற்று என்று மேலே சொன்னேன்.

1989 ஜூன் 22 அன்று எண்டவர் 52 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பாய் விரித்தது. சாப்வித் அதே ஆண்டு ஜனவரியில், 101 வயதில் இறந்திருந்தார். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அது இன்னொரு ஜே படகான ‘ஐந்தாம் ஷாம்ராக்’குடன் பந்தயத்தில் மோதியது, 2001 ஆகஸ்டில் கோப்பையின் 150ஆம் ஆண்டு விழாவுக்கு, மிஞ்சிய மூன்று மூல ஜே படகுகளும், அதாவது எண்டவர், ஷாம்ராக், வெல்ஷீடா, கவ்ஸில் ஓடின. போட்டி திரும்பியதும் ஆசையும் திரும்பியது. பழைய வடிவங்களில் புதிய உடல்கள் கட்டத் தொடங்கினார்கள். சாப்வித்தின் அடுத்த ஜே படகான ‘இரண்டாம் எண்டவ’ரின் நகலாக 2009இல் கடலிறங்கிய படகுக்கு அமெரிக்கக் கணினித் தொழிலதிபர் ஜிம் கிளார்க் வைத்த பெயர் ‘ஹனுமான்’. கடல் தாண்டத் தெரிந்தவர் பெயர், பொருத்தம்தான்.

இனி உங்கள் குத்தல். ஐந்தாம் ஷாம்ராக்கை 1930இல் கட்டியவர் தாமஸ் லிப்டன். கோப்பைக்காக ஐந்து முறை வந்து ஐந்து முறையும் தோற்றவர், தோற்றே புகழ் பெற்றவர். அவர் 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தனை அவற்றில் ஒன்று. அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம்மவர்கள். லிப்டனின் செல்வம் முழுவதும் அங்கிருந்து வரவில்லை, மளிகைக் கடைகளிலிருந்தும் வந்தது. ஆனாலும் அந்தப் படகில் அவர்கள் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணமும் இருக்கிறது. ஆகவே ‘நமக்கென்ன’ என்று கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். உடைத்த படகிடம் கணக்குக் கேட்க முடியாது.

மேயர் 2000இல் எண்டவரை விற்றுவிட்டார். அதற்கு முன்பே, 1993இல், நியூபோர்ட்டில் படகு மீட்பைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தார். எண்டவரைவிட அந்தப் பள்ளியைத்தான் நான் பெரிய வேலையாக நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள்.

அன்புடன்.