உணர்விழந்த அடியும் உடற்பயிற்சியும்

உயிர்களை அறிவின் அடைவு பற்றி ஆறு வகையாகப் பகுத்த தொல்காப்பியனார், மரபியலில் எல்லாவற்றிற்கும் முதலாக வைத்தது உற்றறிவு. அஃதாவது, தொட்டறியும் உணர்வு. புல்லுக்கும் மரத்துக்கும் உரியதென அவர் கூறிய அவ்வோரறிவு மக்கட்குக் குறையுமாயின் நேரும் இடர் எத்தகையது என்பதை யான் வகுப்பறையிற் கற்றிலேன். என் பாட்டியாரிடம் கண்டேன். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஆலயத்தினின்றும் ஒரு காலில் மட்டும் செருப்புடன் வீடு வந்து சேர்ந்தார். மற்றது வழியிற் கழன்றதை அவர் அறிந்திலர். வெயிலிற் காய்ந்த தெருவில் நடந்து வந்த அவ்வுள்ளங்கால் கொப்புளித்திருந்தது; அதனையும் யாங்கள் காட்டிய பின்னரே கண்டார்.

இஃது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்ஸல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் முதலிய மருந்துகளை ஏற்போர் பலர்க்குக் கைகால்களின் நுனியில் மரப்பும், எரிச்சலும், ஊசி குத்துவது போன்ற நோவும் உண்டாகின்றன. நுனியிலே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கால்விரலின் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டு செல்லும் நரம்பிழை, ஒரே உயிரணுவின் நீட்சியாய், ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் உடையது. அணுவின் உடலில் ஆக்கப்படும் பொருள்கள் அவ்விழையின் கடைசிவரை செல்வதற்கு, அதனுள்ளே நுண்குழல்கள் பாதைகளாய் அமைந்துள்ளன. புற்றணு பிளந்து பெருகுவதற்கும் அத்தகைய குழல்களே வேண்டும். வின்கிரிஸ்டின் அவை அமைவதைத் தடுத்துப் புற்றணுவைப் பெருகவொட்டாது செய்கின்றது. அதனோடு நரம்பின் பாதையையும் கெடுத்துவிடுகின்றது. வாய்க்கால் தூர்ந்தாற் கடைமடை வயலே முதலிற் காய்வது போலக் கால்விரல் முதலில் மரக்கின்றது. பிளாட்டினம் கலந்த மருந்துகளோ தண்டுவடத்தை அடுத்துள்ள நரம்பணுத் திரள்களையே தாக்குவன. ஆதலின் அவற்றின் தீங்கு, மருந்தை நிறுத்திய பின்னும் சில திங்கள் வளர்வதுண்டு.

வின்கிரிஸ்டின் எதனின்று வருகின்றது என அறிந்தபொழுது வியப்புற்றேன். கல்லறைத் தோட்டங்களில் மலர்ந்து, கல்லறைப்பூ எனவும் பெயர் பெற்ற நித்தியகல்யாணியே அதற்குத் தாய். அமெரிக்க நாட்டில் 1963-ஆம் ஆண்டு அது மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓரறிவுயிரிடம் பெற்ற மருந்து ஆறறிவுயிரின் முதலறிவைக் கவர்ந்துகொள்வது என்னே!

நிற்க. இம்மரப்புக்கு மருந்து யாது? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, நோவுடையார்க்கு டியூலாக்ஸெட்டின் ஒன்றையே பரிந்துரைத்தது. முன்கூட்டியே காக்கும் மருந்தென ஒன்றையும் கூறிற்றிலது. உடற்பயிற்சியால் நலம் விளையலாம் எனினும் சான்று போதாதென்பதே அக்கழகம் அன்று கொண்ட முடிபு. அம்முடிபு தவறன்று. 2018-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 355 நோயாளரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், 6 வாரம் நடைப்பயிற்சி செய்தும் ரப்பர்ப் பட்டைகளை இழுத்தும் பழகியவர்க்குக் கைகால்களில் வெம்மையும் தண்மையும் தோன்றும் பொய்யுணர்வு குறைந்தது. மரப்போ ஒருவாறே குறைந்தது.

2024-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆராய்ச்சியே என் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. ஆக்ஸாலிபிளாட்டினோ நித்தியகல்யாணி இன மருந்தோ ஏற்கவிருந்த 158 பேரை அவர்கள் மூன்று கூறாக்கினர். ஒரு கூற்றார் சமநிலைப் பயிற்சி செய்தனர்; ஒரு கூற்றார் அதிர்பலகையின்மேல் நின்று பயின்றனர்; எஞ்சியோர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர். பயிற்சி வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 30 நிமிடம், மருந்தேற்றும் காலம் முழுவதும் நடந்தது. முடிவில், பயிலாதாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 71 பேர்க்கு நரம்புக்கேடு கண்டது, அதிர்பலகையாருள் 41, சமநிலைப் பயிற்சியாருள் 30. நித்தியகல்யாணி இன மருந்தேற்றுச் சமநிலை பயின்றாரே மிகுந்த பயன் எய்தினர். 158 என்பது சிறு தொகையே என ஒருவர் தடை கூறலாம், கூறட்டும். கால் மரத்த பின்னர் அன்றி, மருந்தோடு உடன் தொடங்கினர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

எங்கள் இல்லத்தில் யாம் செய்தது இதற்கு நேர்மாறு. மரத்த கால் ஓய்வு கொள்ளட்டும் என்று பாட்டியாரை நாற்காலியில் இருத்தினோம். ஒரு செம்பு நீர் மொள்ளவும் விட்டிலோம். அன்பினாற் செய்த பிழை அது.

பயிற்சியோ அரியதன்று. சுவரருகே இரு காலையும் சேர்த்து நிற்றல்; பின்னர் ஒரு காலின் குதி மற்றதன் விரலைத் தொட நிற்றல்; பின்னர் ஒற்றைக் காலில் நிற்றல்; அஃது எளிதாயபின் மெத்தென்ற திண்டின்மேல் நிற்றல். தள்ளாட்டமே இதற்கு உயிர். உடல் சாயுந்தொறும் பாதமும் கணுக்காலும் தசையும் மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. எஞ்சிய நரம்புகளைக் கொண்டே நிலைகொள்ள மூளை பழகுகின்றது. மரத்த கால் உடையார் அதுகாறும் கண்ணையே துணையாகக் கொண்டு நிற்பர். ஆலயத்தில் ஜெபத்தின்பொழுது கண்மூடியவுடன் பாட்டியார் முன்னிருக்கையை இறுகப் பற்றுவதன் காரணம் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. இரவில் அவர் நடக்கும் வழியில் விளக்கு எரிய வேண்டுவதும், நாடோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்க்க வேண்டுவதும் இதுபற்றியே. எலும்பிற் புற்றுப் பரவினாரும், குருதியிலே தட்டணுக்கள் குறைந்தாரும் மருத்துவரை வினவாது தொடங்கலாகாது. அவர்க்கு ஒரு வீழ்ச்சி பெருந்தீங்காகும்.

காலம் தாழ்த்துத் தொடங்கினார்க்கும் நிலைகொள்ளும் திறன் மிகும் என்பர். பாட்டியார் இப்பொழுது காலையும் மாலையும் அடுக்களை மேடையைப் பற்றிக்கொண்டு நின்று பழகுகின்றார். நிமிடக் கணக்கு என் தங்கையினது. விரல்களின் மரப்பு நீங்கிற்றில்லை. இரவிக்கையின் பொத்தானை இன்றும் பிறரே இடவேண்டும். சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெபத்தின்பொழுது யான் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்னிருக்கையின்மேல் அவர் ஒரு விரல் மட்டும் வைத்திருந்தார்.