ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் வந்தது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடிக்கப் போகிறவள், "மாமா, உங்களை மாதிரி நானும் ராணுவத்தில் சேரலாமா? ஆனால் அங்கே பச்சிளங்குழந்தை டாக்டருக்கு என்னதான் வேலை?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது கேள்வியைப் படித்ததும் உன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. ராணுவம் என்றதும் சினிமாவில் பார்த்த ஸ்ட்ரெச்சரும் குண்டுக்காயமும்தான் உன் கண்ணில் நிற்கிறது. பட்டாளத்தில் யார் அதிகம், யோசித்துப் பார். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் சிப்பாய்கள். கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது. அவர்கள் குடும்பத்துக்கான வைத்தியமும் ராணுவத்தின் பொறுப்பு. வெலிங்டனிலிருந்து லே வரைக்கும் மிலிட்டரி ஆஸ்பத்திரி எனும் எம்.எச்.களில் பிரசவம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றில் சில எட்டாவது மாதத்திலும் ஏழாவது மாதத்திலும் நடந்துவிடுகின்றன. உனக்கு வேலை இல்லாமல் போகாது.

"அதெல்லாம் சென்னையிலும் உண்டே, இதற்கு எதற்கு யூனிஃபார்ம்?" என்று அடுத்துக் கேட்பாய். நோய் ஒன்றுதான். மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கிருமித்தொற்று, எல்லாம் நீ பார்த்ததுதான். மாறுவது தூரம். அப்பா ஒரு மூலையில், அம்மா ஒரு மூலையில், தாத்தா பாட்டி சொந்த ஊரில், பெரிய ஆஸ்பத்திரி வேறு ஊரில். உன் வேலையில் பாதி இந்தத் தூரத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

பழைய சங்கதி ஒன்று சொல்கிறேன். 1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவின் ஓடிஸ் விமானப்படைத் தளத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்தது. எடை சுமார் 2.1 கிலோ. அப்பா ஜனாதிபதி ஜான் கென்னடி. மனைவிக்கு வலி கண்டபோது அவர் வாஷிங்டனில் இருந்தார், செய்தி வந்ததும் கிளம்பினார், ஆனால் குழந்தை பிறந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். குழந்தைக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸில் பாஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள், அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் பேட்ரிக் என்ற அந்தப் பிள்ளை போய்விட்டான். நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைவதால்தான் இந்த மூச்சுத்திணறல் வருகிறது என்று மேரி எலன் ஏவரி 1959-லேயே காட்டியிருந்தார். அதையே மருந்தாகக் கொடுத்துக் குழந்தைகள் பிழைத்ததை ஜப்பானின் ஃபுஜிவாரா வெளியிட்டது 1980-ல். இன்று அதே 2.1 கிலோ குழந்தை உன் கைக்கு வந்தால், மூக்கில் சிபாப் என்ற காற்றழுத்தக் கருவியை மாட்டிவிட்டு, தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட்டும் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவாய். மருத்துவம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஓரிடம், வசதி ஓரிடம், அப்பா ஓரிடம் என்ற கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

"ராணுவ ஆஸ்பத்திரி என்றால் பழைய பஞ்சாங்கம், புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது" என்று உன் ஹாஸ்டல் தோழிகள் சொல்லுவார்கள். டெக்சஸில் வில்ஃபோர்டு ஹால் என்று ஒரு விமானப்படை ஆஸ்பத்திரி. பழைய வென்டிலேட்டர்களில் இயந்திரம் தரும் மூச்சுதான் மூச்சு. நடுவில் குழந்தை தானாக மூச்சிழுத்தால் அதற்குப் புதுக்காற்று கிடைக்காது. 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த கிர்பி, டிலெமோஸ் குழுவினர், குழாயில் காற்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். இயந்திரம் கொடுக்கும் மூச்சுகளுக்கு நடுவே குழந்தையும் இஷ்டத்துக்கு மூச்சு விடலாம். நீ இன்று தட்டும் பல பொத்தான்களுக்கு அதுதான் பாட்டன். தோழிகளிடம் சொல்லிவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

இனி நீ செய்யப்போகும் முதல் தப்புக்கு வருகிறேன். நம் எம்.எச்.சில் டி.ஐ. லிஸ்ட் என்று ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் பெயரை அதில் ஏற்றினால், உரியவருக்குத் தகவல் போகும். ஒரு கிலோ குழந்தையும் அதில் ஏறும். ஏறினால் அப்பாவின் யூனிட்டுக்குச் செய்தி போகும், அவரை லீவில் அனுப்ப ஏற்பாடு நடக்கும். நீ என்ன செய்வாய் தெரியுமா? "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், தேறிவிடும்போல இருக்கிறது, எதற்கு அந்த மனுஷனைப் பயமுறுத்துவது" என்று பேனாவை மூடிவைப்பாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அவர் அடுத்த தெருவிலா இருக்கிறார்? பனிக்காலத்தில் முன்னணிப் போஸ்ட்டிலிருந்து இறங்க ஹெலிகாப்டர் வரவேண்டும், ஹெலிகாப்டர் வர வானம் தெளியவேண்டும். ஸோஜி லா கணவாய் மூடிவிட்டால் லடாக்கிலிருந்து ஸ்ரீநகருக்குச் சாலை கிடையாது. விமானமும் மேகத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். நீ தள்ளிப்போடும் ஒரு நாள் அவருக்கு மூன்று நாள். குழந்தை தேறிவிட்டால் அப்பா வந்து சிரித்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம்? தேறாவிட்டால், அவர் குழந்தையை உயிரோடு ஒருமுறை பார்த்தாரா இல்லையா என்பது உன் பேனாவில் இருக்கிறது. லிஸ்ட்டில் சீக்கிரம் ஏற்று. ஏற்றியதோடு விடாமல், சிக்னல் கிடைக்கும்போது நீயே ஃபோனில் பேசு. கிளார்க் அனுப்பும் ஒற்றை வரியைப் படித்துக்கொண்டு ஓர் ஆள் பனியில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அவர் வந்து சேர்ந்ததும் வார்டு வாசலில் நிறுத்தி வைக்காதே. கை கழுவச் சொல், சட்டைப் பொத்தானை அவிழ்க்கச் சொல், குழந்தையை நெஞ்சில் வை. கங்காரு பராமரிப்பு அம்மாவுக்கு மட்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. காவல் நின்று பழகியவர்கள் இவர்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். உன் ஜூனியர் டாக்டர்களால் முடியாது.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். புருஷன் ஃபீல்டில் இருக்க, பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும் பெண்கள் நிறைய. ஒருத்தி கட்வாலி பேசுவாள், ஒருத்தி மணிப்புரி. உன் ஹிந்தியோ, உன் அப்பாவின் சமையல் மாதிரி. தைரியம் மட்டும் நிறைய. அதை இப்போதே சரிசெய். "தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுங்கள்" என்பதை வெட்கப்படாமல், அதிகாரமாகவும் இல்லாமல் ஹிந்தியில் சொல்லத் தெரியாவிட்டால் உன் டிகிரி அங்கே செல்லாது.

இரண்டாவது தப்பு டிஸ்சார்ஜ் அன்று நடக்கும். குழந்தை 1,200 கிராமில் பிறந்து, தேறி, எல்லோரும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கண் பரிசோதனைத் தேதியைச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பாய். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், பிறந்த நாலு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும், பிறகும் விடாமல் பார்க்கவேண்டும் என்பது உனக்கு மனப்பாடம். அந்தக் குடும்பத்துக்கு? அவர்கள் அடுத்த ரயிலில் ஊருக்குப் போகிறார்கள், அல்லது அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. விழித்திரையில் கோளாறு இருந்து, லேசர் செய்யவேண்டிய சில நாட்களைத் தவறவிட்டால் பார்வை போய்விடலாம், திரும்பாது. போகிற ஊருக்குப் பக்கத்தில் எந்த எம்.எச்., அங்கே கண் டாக்டர் இருக்கிறாரா என்று நீயே விசாரித்து, தேதியைப் பெரிதாக எழுதி, அப்பாவின் ஃபோனிலும் ஏற்றிவிடு. "இது டாக்டர் வேலையா?" என்று கேட்காதே.

குழந்தையை விமானத்தில் அனுப்பவேண்டி வந்தால், மேலே போகப் போக உள்ளிருக்கும் காற்று விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால் தரையிலேயே குழாய் போட்டு வெளியேற்றிவிடு. இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் உதவாது, கண்ணையும் மானிட்டரையும் நம்பு.

"கர்னல் பிள்ளைக்கு ஒரு வென்டிலேட்டர், சிப்பாய் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்குமா மாமா?" என்று கேட்பாய். மேலிடத்திலிருந்து ஃபோன் வரும், பொய் சொல்லமாட்டேன். "சரி சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எந்தக் குழந்தை மோசமோ அதைப் பார். பதவி விஷயத்தில் நீ அடக்கமாக இருக்கவேண்டிய இடம் வேறு. வார்டு சிஸ்டர் மேஜராக இருப்பார், நீ கேப்டன். இரவு இரண்டு மணிக்கு "இந்தக் குழந்தை சரியில்லை" என்று அவர் சொன்னால், ரிப்போர்ட் வரட்டும் என்று வாதாடாதே, எழுந்து போ. ஒரே குறை, நல்ல டீம் அமைந்ததும் ஆளுக்கொரு திசையில் மாற்றல் வரும். அதனால் செய்வதையெல்லாம் எழுதிவை.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் போர்டு, ஆள்சேர்ப்புப் பரிசோதனை, விசாரணைக் கோர்ட் என்று நீ படிக்காத வேலைகள் வரும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவே இல்லாத சின்ன எம்.எச்.சில் போடலாம். அங்கே சளி இருமலும் தடுப்பூசியும்தான். கை மழுங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஷார்ட் சர்வீஸ் என்றால் முதலில் 5 ஆண்டு, பிறகு நீட்டித்து 14 ஆண்டுவரை இருக்கலாம். ஐந்து ஆண்டு இருந்து பார்த்துவிட்டு முடிவு செய். பெண் என்பதால் தயங்குகிறாய் என்றால், மாதுரி கனித்கரும் குழந்தை மருத்துவர்தான், 2020-ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனவர். அந்தச் சாக்கு எடுபடாது.

சேர்ந்தால் முதலில் லக்னோவில் பேசிக் கோர்ஸ். டிரில்லில் இடது வலது மாற்றிவைப்பாய், எல்லோரும் வைத்திருக்கிறோம். உன் அம்மாவிடம் ராணுவத்தைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். லே போஸ்டிங் பற்றி மட்டும் நீயே பேசு, அவளிடம் திட்டு வாங்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

அன்புடன்,
மாமா