ஹாலே நகரில் முதல் இரு வாரங்கள்

வெளிநாடு சென்று படிக்க விரும்பும் நண்பர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய கேள்விகளே இருக்கின்றன. அரிசி கிடைக்குமா, புளி கிடைக்குமா, குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். எல்லாம் கிடைக்கும், குக்கரும் கொண்டுவரலாம். போய் இறங்கிய முதல் இரண்டு வாரங்களில் என்ன செய்ய வேண்டும், எந்த மொழியில் செய்ய வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலர். அந்த இரண்டு வாரங்கள் சரியாக நடந்தால் மற்றவை தாமே நடக்கும். ஆகவே இம்முறை மலருக்குப் பயணக் கதை எழுதாமல், பாடமாகவே எழுதுகிறேன்.

நான் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் தில்லியிலிருந்து பிராங்க்பர்ட் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் ரயிலில் பயணம் செய்து ஹாலே நகரை அடைந்தேன். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே ஆற்றின் கரையில் உள்ள பழைய உப்பு நகரம் அது. சந்தைச் சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். நான்கு சந்தைத் தேவாலயத்துடையவை, ஐந்தாவது தனியே நிற்கும் செங்கோபுரம். நடுவில் இசைமேதை ஹேண்டலின் சிலை. அவர் 1685இல் இங்கே பிறந்தவர். கணக்குப் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி: கணக் கோட்பாட்டை உருவாக்கிய கேன்டர் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஆசிரியராக இருந்தார். 1694இல் ஹாலேயில் தொடங்கிய பல்கலைக்கழகமும், 1502இல் விட்டன்பர்க்கில் தொடங்கியதும் 1817இல் ஒன்றாக இணைந்தன. நகரைப் பற்றி இவ்வளவு போதும்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், இது சட்டம். அந்தப் பதிவுக்கு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று வேண்டும். பதிவான பிறகுதான் வரி எண் தபாலில் வரும். பகுதி நேர வேலை பார்த்தால் சம்பளம் போடுபவர் அந்த எண்ணைக் கேட்பார். வங்கியிலும் பதிவுச் சான்றைக் கேட்பது வழக்கம். நம் கையில் இருக்கும் விசா சில மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அது முடிவதற்குள் வதிவிட அனுமதி பெற வேண்டும். அதற்கும் பதிவுச் சான்று தேவை. சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தால் மற்றவை எல்லாம் தொங்கிப் போகும்.

இதில் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. விசா பெறுவதற்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் செலுத்துகிறோம். நான் சென்ற ஆண்டில் அத்தொகை 11,904 யூரோ. என் தந்தையார் அதற்காக வாங்கிய கடனுக்கு இன்றும் வட்டி கட்டுகிறார். கணக்கு நம் பெயரில்தான் இருக்கும். ஆனால் மாதத்துக்கு 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. அதுவும் உள்ளூரில் வங்கிக் கணக்குத் திறந்த பின்னரே கைக்கு வரும். ஆனால் வாடகை காத்திருக்காது. வாடகை முன்பணமும் உண்டு. மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவக் காப்புறுதிக்கு மாதம் 140 முதல் 150 யூரோ வரை தனியே வேண்டும். ஆகவே முடக்கக் கணக்கை நம்பி வெறுங்கையோடு விமானம் ஏறாதீர்கள். ஒரு மாதச் செலவும் முன்பணமும் வேறு வழியில் கையில் இருக்கட்டும்.

என்னோடு ஒரே விமானத்தில் வந்த ஆந்திர நண்பர் ஒருவர் வேறு நகரத்துக்குச் சென்றார். ஊரிலிருந்தபடியே இணையம் வழியாக ஓர் அறை பிடித்திருந்தார், வாடகை குறைவு. சென்று சேர்ந்ததும் வீட்டுக்காரர், "தங்கிக்கொள், ஆனால் பதிவுச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பதிவு இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாததால் பணம் இல்லை. பணம் இல்லாமல் வேறு அறைக்கு முன்பணம் கொடுக்க முடியவில்லை. நவம்பர் நடுவில் மாணவர் விடுதியில் இடம் கிடைக்கும் வரை மூன்று பேருடைய அறைகளில் மாறி மாறித் தரையில் படுத்தார். வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. அறை பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் "பதிவு செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரட்டும்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் மதுரை அண்ணன் ஒருவர் என்னை நிலையத்தில் வந்து அழைத்துப் போனார். அறைக்குள் நுழைவதற்கு முன்பே, "தம்பி, சட்டி பானையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் தபால் பெட்டியில் உன் பெயரை எழுதி ஒட்டு" என்றார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று பிறகுதான் தெரிந்தது. வங்கி அட்டை, அதன் இரகசிய எண், வரி எண், காப்புறுதி அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதமும் வரும். வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சியே இல்லை என்று வாதாடிப் பயனில்லை; கூட்டாகக் குடியிருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

இவையெல்லாம் ஜெர்மன் மொழியில் நடக்கின்றன. நம் பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். அலுவலகம் அப்படி இல்லை. ஆங்கிலம் தெரிந்தால் ஜெர்மன் எளிது என்று சொல்கிறார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வாக்கியம், தொகைச்சொல், மரியாதை இவற்றில் தமிழே நமக்கு அதிகம் உதவுகிறது. இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே சற்று விரித்து எழுதுகிறேன்.

மேலே சொன்ன சீட்டின் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. ஆங்கிலேயர் இதைக் கண்டு பயப்படுவார்கள். நாம் ஏன் பயப்பட வேண்டும்? பதம் பிரித்துப் பழகியவர்கள் அல்லவா? வோனுங் என்றால் குடியிருப்பு. கேபர் என்றால் கொடுப்பவர். பெஷ்டேட்டிகுங் என்றால் உறுதிச்சான்று. குடியிருப்புக் கொடுப்பவர் உறுதிச்சான்று, அவ்வளவுதான். தமிழைப் போலவே தலைச்சொல் கடைசியில் வருகிறது. ஆகவே நீண்ட சொல்லைக் கண்டால் வாலிலிருந்து படியுங்கள். வோனுங்கிற்கும் கேபருக்கும் நடுவில் ஓர் 'ஸ்' வருகிறதே, அது என்ன? அதற்குப் பொருள் இல்லை, ஒட்டவைக்க வந்தது. புளியும் காயும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியங்காய் ஆகிறதே, அந்தச் சாரியையின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தைப் பாருங்கள். 'இஹ் பின் க்ராங்க்' என்றால் 'நான் நோயுற்றிருக்கிறேன்'. இங்கே 'பின்' என்பது வினை. ஆங்கிலத்தில் போல நடுவில் நிற்கிறது. ஆனால் காரணம் சொல்லும்போது 'வைல் இஹ் க்ராங்க் பின்' என்று வினை கடைசிக்கு ஓடிவிடுகிறது. 'நான் நோயுற்று இருப்பதால்' என்று நாம் சொல்வதும் அந்த ஒழுங்கில்தானே? ஆங்கிலத்தில் நினைத்து மொழிபெயர்ப்பவர் வினையை நடுவிலேயே விட்டுவிடுவார். தமிழில் நினைப்பவருக்கு வினை கடைசியில் வருவது இயல்பாகவே இருக்கும்.

மரியாதையும் அப்படியே. 'டு' என்பது நீ. 'ஸீ' என்பது நீங்கள். மாணவர்கள் தமக்குள் முதல் நாளே 'டு' போட்டுப் பேசுவார்கள். அலுவலகத்திலும், கடையிலும், ஆசிரியரிடமும் 'ஸீ' வேண்டும். 'ஸீ' என்ற சொல்லுக்கு 'அவர்கள்' என்ற பொருளும் உண்டு. ஒருவரைப் பன்மையால் உயர்த்துவது நமக்குப் புதிதா?

இனி எண்கள். இங்கேதான் தமிழ் கைவிடுகிறது. ஆனால் வடக்கே வந்து படிக்கும் நமக்கு இந்தி கைகொடுக்கிறது. நாற்பத்து மூன்றை ஜெர்மானியர் 'ட்ரை உண்ட் ஃபியர்ட்ஸிக்' என்பார்கள். அதாவது மூன்றும் நாற்பதும். இந்தியில் 'தேந்தாலீஸ்' என்பதும் மூன்றை முன்னே வைத்துத்தானே? காய்கறிச் சந்தையில் 'சௌந்தீஸ்' என்றால் முப்பத்து நான்கு என்று காது பழகிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பயிற்சிதான். தொலைபேசி எண்ணையும் இரண்டிரண்டு இலக்கமாக இப்படிச் சொல்வார்கள். ஆகவே முதல் இலக்கத்துக்கு இடம் விட்டு இரண்டாவதை முதலில் எழுதுவது நல்ல உபாயம்.

நேரம் சொல்லும் முறைதான் மிகவும் சுவையானது. 'ஹால்ப் ட்ரை' என்பது சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று'. ஆனால் மூன்றரை அன்று; இரண்டரை. ஹாலே வட்டாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஃபியர்ட்டல் ட்ரை', அதாவது 'கால் மூன்று', என்பார்கள். அது இரண்டேகால். 'முக்கால் மூன்று' என்றால் இரண்டேமுக்கால். பாடநூல்களில் வேறு வாய்பாடு இருப்பதால் தில்லியில் படித்துவிட்டு வருபவர்களும் திகைக்கிறார்கள். என் வகுப்புத் தோழர் ஒருவர் 'கால் மூன்று' என்று குறித்துக்கொடுத்த சந்திப்புக்கு மூன்றேகாலுக்குப் போய் நின்று, இன்னொரு நாளுக்குச் சீட்டு வாங்கி வந்தார். இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வயது கேட்டால் நம் பாட்டிமார், "இருபத்திரண்டு முடிந்து இருபத்து மூன்று நடக்கிறது" என்பார்கள் அல்லவா? ஜெர்மானியர் நடக்கும் மணியைச் சொல்கிறார்கள். மூன்றாவது மணி நடக்கிறது. அதில் கால் பாகம் சென்றிருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குள்ளும் நேரத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் 'சி. டி.' என்று இருந்தால் கால் மணி கழித்து வகுப்புத் தொடங்கும், 'எஸ். டி.' என்றால் சொன்ன நேரத்துக்கே. இவை லத்தீனிலிருந்து வந்த பழைய வழக்குகள். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். ஆசிரியருக்கு அது பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 நாட்டு விடுமுறை. 2025இல் அது வெள்ளிக்கிழமையாக வந்ததால் அந்த வாரம் இரண்டு நாட்கள் கடை இல்லை. புதிதாக வந்தவர்கள் பலர் ரயில் நிலையத்துக் கடைகளில் அதிக விலை கொடுத்து ரொட்டி வாங்கினார்கள். தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் புட்டி ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும்.

தமிழ்ச் சமையலறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிச் சாம்பார் வைக்கிறோம். அந்தச் சாம்பார் இல்லாவிட்டால் நவம்பர் மாதத்தைக் கடந்திருக்க மாட்டேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிய பிறகு பொழுது வெகு சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சமையலறைக்குள்ளேயே இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு. அலுவலகம் செல்ல ஒரு நண்பர், மருத்துவரிடம் பேச ஒரு நண்பர் என்று பிறர் வாயையே நம்பி வாழ்கிறார்கள். அவர்கள் வேலை தேடும் நாள் வரும்போது எந்த நண்பரும் நேர்காணலுக்குள் உடன் வர முடியாது. மதுரை அண்ணன் என்னோடு நகர அலுவலகம் வரை வந்தார். ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு, "போய் நீயே பேசு" என்று அனுப்பிவிட்டார். நல்ல ஆசிரியர்.

ஹாலேயைப் பற்றிப் பேசிவிட்டுப் பிராங்கே நிறுவனத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1698இல் தொடங்கிய அந்தக் கல்வி நிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். பட்டதாரி வயதுடைய இளைஞர். அவர் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் பிள்ளைகளையும் தம் இருப்பிடத்துக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அடுத்த ஆண்டு தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார். 1714இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழர் உடன் வந்தார். கப்பலில் இருவரும் சேர்ந்து பார்த்த வேலையின் பயனாக, லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அட்டையில் மலையப்பன் பெயர் இல்லை. ஹாலேக்கு வரும் நண்பர்கள் பதிவு முடிந்த மறுநாள் பிராங்கே வளாகத்தைப் போய்ப் பாருங்கள். சந்தைச் சதுக்கத்திலிருந்து நடந்தே போகலாம்.