மார்க்டவுனில் தமிழ் எழுதுவோருக்கு

2004-ஆம் ஆண்டில் ஜான் குரூபர், ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு வகுத்தளித்த மார்க்டவுன் என்னும் குறிமுறை, வடிவமேற்றப்படுமுன் வெறும் எழுத்தாக இருக்கும்போதே வாசிப்பதற்கு இனிதாக இருத்தல் வேண்டும் என்ற உத்தம நோக்கத்தோடு பிறந்தது. அந்த நோக்கத்தை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன். ஆயினும், தமிழ்ச் செய்யுளையும் உரைநடையையும் நெடுங்காலமாக அதில் எழுதிவருவதில், அதன் சூட்சுமம் குறிகளைக் காட்டிலும் அவற்றை அடுத்து நிற்கும் எழுத்திலும் வெற்றிடத்திலுமே அதிகமாக உறைகிறது என்று கண்டுகொண்டேன்.

செய்யுளை அடியடியாக மடக்கி எழுதினாலும், அடியிறுதியில் இரண்டு இடைவெளிகளை இட்டாலன்றி, மூல விதிப்படி எல்லா அடிகளும் ஒன்றாய்க் கலந்து உரைநடைபோல் ஓடிவிடும். கண்ணுக்குப் புலனாகாத அந்த இடைவெளிகளைச் சில எடிட்டர்கள் கோப்பைச் சேமிக்கும்போதே நீக்கிவிடுவதால், 2014-இல் வெளிவந்த காமன்மார்க் விதித்தொகுப்பு அங்கீகரிக்கும் பின்சாய்வுக் கோட்டையே நான் அடியிறுதியில் இடுகிறேன். வெற்று வரியை அடுத்து நான்கு இடைவெளி உள்தள்ளித் தொடங்கும் அடியோ, கணினி நிரலாகக் கருதப்பட்டுப் பெட்டிக்குள் அடைபடும். பத்தியின் தொடக்கத்தில் 1947 என்றெழுதிப் புள்ளியும் இடைவெளியும் இட்டால் அது பட்டியலாகிவிடும்; பழைய செயலிகளில் அந்த ஆண்டே மறைந்து 1 என நிற்கும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இதற்குப் பரிகாரம்.

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிகளுக்கு உரிய சங்கடம் வேற்றுமை உருபில் இருக்கிறது. குறுந்தொகை என்னும் பெயரை மட்டும் சாய்வெழுத்தாக்கி, 'யில்' என்பதை வெளியே ஒட்டி எழுத விரும்புகிறோம் என்று கொள்வோம். கோப்புப் பெயர்களின் நடுவே வரும் அடிக்கோடுகள் சிதையாதிருக்கும் பொருட்டு, இருபுறமும் எழுத்து நெருங்கிய அடிக்கோட்டைக் காமன்மார்க் வடிவக்குறியாக ஏற்பதில்லை. ஆகவே நம் அடிக்கோடுகள் அப்படியே அச்சாகி நிற்கும். நட்சத்திரக் குறிக்கு இத்தடை இல்லை. ஆனால் நட்சத்திரங்களுக்கு உள்ளே மேற்கோள் குறியையும் சேர்த்துவிட்டால், முடிவு நட்சத்திரத்துக்கு முன்னே நிறுத்தக்குறியும் பின்னே எழுத்துமாக அமைந்து, அது மூடும் குறியாகும் தகுதியை இழக்கிறது. மேற்கோள் குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே வைத்தால் யாவும் செம்மையாகும். இவ்விதி வகுத்தோர் ஒட்டுநிலை மொழிகளையும் மனத்திற்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

தளத்துக்குத் தளம் விதி சிறிது வேறுபடுகிறது. ஆதலால், தமிழில் எழுதும் அன்பர்கள் அழுத்தத்துக்கு நட்சத்திரத்தையே கையாண்டு, அனுப்புமுன் முன்னோட்டத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட வேண்டுகிறேன்.