நெல்லாலையும் நல்ல காற்றும்

காவிரிக்கு வடக்கிலும் கொள்ளிடத்துக்குத் தெற்கிலுமாக, கும்பகோணத்துக்கு வடகிழக்கே அமைந்தது திருப்பனந்தாள் என்னும் பழம்பதி. பனையைத் தலமரமாக உடையது. இவ்வூர்க் கோயிலில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்தியவர் குங்குலியக்கலய நாயனார் என்பது வரலாறு. திருக்கடவூர்த் திருக்கோயிலில் நாள்தோறும் குங்குலியப் புகை இடுதலையே அவர் தொண்டாகக் கொண்டிருந்தார்; அதனால் அப்பெயர் பெற்றார். புகையும் போற்றப்பட்டதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் எல்லாப் புகையும் குங்குலியப் புகை ஆகிவிடாது.

தைத் திங்களில் சம்பா நெல் களத்துக்கு வருகிறது. நெல்லைப் புழுங்கலரிசி ஆக்குவோர் அதனை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, அதன்பின் அரைக்கின்றனர். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருள் பெரும்பாலும் உமியே. நெல் தந்த உமியைக் கொண்டே நெல்லை அவித்துக்கொள்ளும் இச்சிக்கனம் பாராட்டத்தக்கது. ஆனால், புகைபோக்கி வழியே எழும் கரும்புகையும் சாம்பலும் அயல்வீட்டு முற்றத்திலும், உலரவிட்ட துணியிலும், முதியோர் கண்ணிலும், குழந்தையின் மூச்சிலும் சென்று படியுமாயின் என் செய்வது? ஆலையை மூடினால் தொழிலாளிக்கும் உழவனுக்கும் இழப்பு. அவ்வாறே விட்டுவிட்டால் அயலார்க்குத் துன்பம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி காணுதல் காற்றைக் காக்கும் அரசு நிறுவனத்தின் பணியாகும். மாணவர்களே, அப்பணியைப் பற்றியே இப்பாடத்தில் காணப்போகிறோம்.

காற்று மாசுறுதலைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. ஆலையை நிறுவுவதற்கு முன் ஒருமுறையும், இயக்குவதற்கு முன் ஒருமுறையும் வாரியத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும்; மிகச் சிறிதளவே மாசு உண்டாக்கும் தொழில்களுக்கு இதினின்று விலக்கு உண்டு. இவ்வொப்புதலைத் தமிழில் 'இசைவாணை' என வழங்குகின்றனர். அழகிய சொல்! அதில் இசைவும் உண்டு, ஆணையும் உண்டு. ஆணை மட்டும் இருப்பின் அஞ்சுவோர் பெருகுவர். இசைவு மட்டும் இருப்பின் அதனைப் பொருட்படுத்தாதோர் பெருகுவர். இச்சொல்லை ஆக்கியவர் எவராயினும், வாரியத்தின் இருவகைக் கடமையையும் ஒரு சொல்லிலே அடக்கிவிட்டார்.

ஆணையாகிய பகுதியைப் பலரும் அறிவர். விதியை மீறுவோர்க்கு 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்கிறது. இசைவாகிய பகுதியை அறிந்தோர் சிலரே. சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாநில வாரியத்தின் பணிகளைக் கூறுமிடத்தில், காற்றுமாசு பற்றி மக்களுக்குக் கல்வி புகட்ட ஏற்பாடு செய்தலையும் ஒரு பணியாக வைத்துள்ளது. வாரியம் காவலனாய் நின்றால் மட்டும் போதாது, ஆசிரியனாகவும் விளங்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆசிரியன் கற்பிக்க வேண்டுவது யாது? உமியையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி இருக்கும். அவ்வுமி முழுதும் எரிந்தால் ஏறத்தாழ நான்கு கிலோ சாம்பல் எஞ்சும். அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா என்னும் மணற்சத்து. கண்ணுக்குத் தெரியும் சாம்பல் முற்றத்தில் படிந்துவிடும்; பெருக்கித் தள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்டுகளே கொடியது. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் தடிப்புடையது. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் மூச்சோடு உட்செல்லும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது நுரையீரலின் அடிவரை செல்லும்.

கரும்புகை எழுவது ஏன்? ஈரமான உமியை இட்டாலும், அடுப்பில் ஒரேயடியாக அள்ளித் திணித்தாலும், போதிய காற்று உள்ளே புகாவிடினும் உமி முற்றும் எரியாது. எரியாத கரியே கரும்புகையாகிறது. ஆகவே, கரும்புகை என்பது காசு கொடுத்து வாங்கிய, அல்லது காசாக்கியிருக்கக்கூடிய, எரிபொருள் வீணே வானில் போவது. ஆலை முதலாளிக்கு இதனை எடுத்துச் சொன்னால் அவர் செவி சாய்ப்பார். "ஐயா, உம்முடைய புகையால் ஊர் கெடுகிறது" என்று தொடங்குவதைவிட, "ஐயா, உம்முடைய உமி புகையாய்ப் போகிறதே!" என்று தொடங்குதல் நலம். உமியை உலர்த்திச் சிறிது சிறிதாக இடுதல், காற்று புகும் வழியைத் திறந்து வைத்தல், கொதிகலனின் குழாய்களை அடிக்கடி துடைத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

சாம்பலைப் பிடிக்கும் கருவிக்கோ செலவு உண்டு. அதற்குச் சுழற்பிரிப்பான் என்று பெயர். களத்தில் நெல் தூற்றுவதைக் கண்டிருப்பீர்கள். கனத்த மணி அருகே விழும். பதர் தொலைவில் போய் விழும். காற்றைக் கொண்டு கனத்ததையும் இலேசானதையும் பிரித்தறியும் கலை நம் உழவர்க்குப் புதிதன்று. சுழற்பிரிப்பானும் அத்தகையதே. புகையைக் கூம்பு வடிவான கலத்துள் வேகமாகச் சுழலச் செய்தால், கனத்த துகள்கள் கலத்தின் சுவரில் மோதிக் கீழே இறங்கிவிடும். புகை மட்டும் மேலே போகும். மிக நுண்ணிய துகள்களை இது பிடிக்காது. அவற்றுக்குத் துணிப்பை வடிகட்டியோ நீர்த்தெளிப்போ வேண்டும். பிடித்த சாம்பலைச் செங்கல் அறுப்போரும் சிமிட்டியோடு கலப்போரும் பயன்படுத்துகின்றனர்.

இவையெல்லாம் பேராலை முதலாளி தாமே அறிவார். அறியாவிடினும் அறிந்த பொறியாளரைப் பணியில் வைத்துக்கொள்வார். சிற்றாலையாளரோ, தாமே முதலாளி, தாமே கணக்கர், சிலபோது தாமே கொதிகலனுக்கு உமி தள்ளுபவர். விதிநூலைப் படிக்க அவருக்குப் பொழுது ஏது? மேலும், ஐயம் கேட்கப் போனால் அதுவே தமக்கு எதிரான சான்றாகிவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. இவ்வச்சத்தால் குறையை மறைப்பவர் பலர்.

இதனை நன்குணர்ந்து சட்டத்திலேயே வழி வகுத்த நாடு அமெரிக்கா. அங்கே 1990-இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது, நூறு பேருக்கு மேற்படாத சிறு தொழில் நிலையங்களுக்கு உதவி செய்யும் திட்டம் ஒன்றை மாநிலந்தோறும் அமைக்கவேண்டும் என்று விதித்தனர். எந்த விதி தமக்குப் பொருந்தும், எக்கருவி ஏற்றது என்பனவற்றை இலவசமாகச் சொல்லும் அறிஞர் ஒருபுறம். சிறு தொழிலாளர் சார்பில் அரசோடு பேசும் குறைகேள் அலுவலர் ஒருபுறம். இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் குழு ஒருபுறம். சலவைக் கடைக்காரரும் வண்ணம் பூசுவோரும் இத்தகைய உதவியால் பயன் பெற்றனர். இங்கிலாந்தில், 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின் எழுந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம், புகைத்தடைப் பகுதியில் வீட்டு அடுப்பை மாற்றியமைப்போருக்கு அச்செலவில் பத்தில் ஏழு பங்கை ஊராட்சி மன்றமே திருப்பித் தரச் செய்தது. புகையை நிறுத்து என்றதோடு அமையாமல், நிறுத்துதற்கான பொருளையும் கொடுத்தனர்.

நம் நாட்டில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு பிரோசாபாத். கண்ணாடி வளையல்களுக்குப் பெயர்போன அவ்வூர் தாஜ்மகாலைச் சூழ்ந்த காப்புப் பகுதியில் உள்ளது. நிலக்கரிப் புகையால் அவ்வெண்பளிங்கு மாளிகை மாசுறுகிறது என்று வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறுக, இல்லையேல் அப்பகுதியை விட்டு நீங்குக என்று 1996 டிசம்பர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் சிற்றுலைகளில் எரிவாயுவை எவ்வாறு எரிப்பது? தில்லியிலுள்ள 'டெரி' என்னும் ஆற்றல் ஆய்வு நிறுவனம் சுவிட்சர்லாந்து நாட்டின் துணையோடு அதற்கேற்ற உலையை வடிவமைத்துக் காட்டியது. புகையும் குறைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று. தீர்ப்பு இன்றேல் உலையை மாற்ற எவரும் முன்வந்திரார். உலை இன்றேல் தீர்ப்பு பலரைத் தெருவில் நிறுத்தியிருக்கும்.

நம் தஞ்சைத் தரணியிலும் இத்தகைய துணை தேவைப்படும் கைத்தொழில்கள் உள. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்துள்ளன. துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பித்தளை உருகுவதும் ஏறத்தாழ அவ்வெப்பத்திலேதான். ஆதலின் வெப்பம் சிறிது மிகுந்தாலும் துத்தநாகம் வெண்புகையாய் எழும். அதனை உட்கொண்ட தொழிலாளிக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். உலைக்கு மேல் புகையை ஈர்க்கும் கூண்டு ஒன்று அமைத்தால் முதலில் காக்கப்படுபவர் அந்தக் கைவினைஞரே.

நெல் பதனிடுவோர்க்கு நல்வழி காட்ட நெடுநாள் முன்னரே தஞ்சைத் தரணியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மழையில் நனைந்த நெல் கெடாமற்காக்க உப்பைப் பயன்படுத்தும் முறையை உழவர்க்குக் கற்பித்தது அந்நிலையமே. அது வளர்ந்து 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக விளங்குகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய நிறுவனமும் கைகோத்து ஆலைதோறும் சென்றால் பெரும்பயன் விளையும் என்பது என் துணிபு.

பொதுமக்களுக்குச் செய்தி சொல்லும் முறையிலும் நல்ல மாற்றம் வந்துள்ளது. 2015-இல் தொடங்கிய காற்றுத்தரக் குறியீடு, பல மாசுகளின் அளவையும் ஒரே எண்ணிலும் ஒரே நிறத்திலும் அடக்கிக் காட்டுகிறது. 50 வரை நன்று. 400-க்கு மேல் கடுமை. போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்த வேண்டாவென வாரியம் சென்னையில் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறது. அன்றைய காற்றை அளந்தும் சொல்கிறது.

அளவுகருவி இல்லாத சிற்றூரில் புகைபோக்கியையே ஒருவாறு குறியீடாகக் கொள்ளலாம். வெண்மையாய் எழுந்து சிறிது தொலைவிலேயே மறைந்துவிடுவது நீராவி, அதனால் தீங்கில்லை. வெண்மையாய் எழுந்தும் மறையாமல் நெடுந்தொலைவு நீள்வதில் துகளும் கலந்திருக்கக்கூடும். கறுத்துச் சுருண்டு எழுவது முற்றும் எரியாத உமி. அடுப்பு மூட்டிய சிறிது பொழுதுக்குக் கரும்புகை வருதல் இயல்பு. நீடித்து வருமாயின், ஆலைக்காரரிடம் சென்று கேட்கலாம். தஞ்சையிலுள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதவும் செய்யலாம்.