‘சப்-ஸ்டாண்டர்ட்’ வேறு, ‘அன்சேஃப்’ வேறு



உணவுப் பாதுகாப்பு அலுவலர் நம் கடையில் மாதிரி எடுத்தால், ஆய்வு அறிக்கையின் முடிவில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். ‘சப்-ஸ்டாண்டர்ட்’ என்றாலும் ‘அன்சேஃப்’ என்றாலும் “சரக்கு சரியில்லை” என்றே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு குற்றங்கள்.

சப்-ஸ்டாண்டர்ட் என்றால் தரம் குறைந்தது. பொருளுக்கென வகுத்த அளவுகள் இல்லை. ஆனால் உண்பவருக்குக் கேடு இல்லை. கருப்பட்டியில் சீனி கலந்திருப்பது இதற்கு உதாரணம். இவ்வழக்கை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார். 51ஆம் பிரிவின்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், சிறை இல்லை.

அன்சேஃப் என்றால் பாதுகாப்பற்றது, உடல்நலத்துக்குக் கேடானது. இது நீதிமன்றத்துக்குப் போகும். 59ஆம் பிரிவின்படி, யாருக்கும் பாதிப்பு நேராவிட்டாலும் சிறைத் தண்டனை உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை நீளலாம்.

விஷம் கலந்தால்தான் அன்சேஃப் என்று எண்ண வேண்டாம். அனுமதிக்கப்படாத சாயம் ஏற்றிய துவரம் பருப்பு, வண்டு விழுந்த ரவை, அழுகிய சரக்கு ஆகியவையும் சட்டத்தின் விளக்கத்தில் அடங்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது போல மூட்டைகள் நனைந்து கெட்டுப்போனால், காயவைத்து விற்க நினைக்காதீர்கள். நஷ்டம் சிறிது, வழக்கு பெரிது.

நாம் செய்ய வேண்டியவை:

1. மொத்த வியாபாரியிடம் பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். 26ஆம் பிரிவின்படி அந்தப் பில்லே அவர் தரும் உத்தரவாதம்.

2. மாதிரி நான்கு பகுதியாக எடுக்கப்படும். ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அப்போதே கேட்கலாம். அதற்கான செலவு நம்முடையது.

3. அறிக்கை கைக்கு வந்ததும் அந்த ஒரு சொல்லை முதலில் பாருங்கள். முடிவை ஏற்காவிட்டால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

சொல் புரிந்தால் வீண் பயமும் இல்லை, வீண் அலட்சியமும் இல்லை.